மீனுக்கு ஏற்றிய விளக்கு

நீரில் திரிவதும் மீன், வானில் ஒளிர்வதும் மீன் என்று இரண்டிற்கும் ஒரே பெயரிட்ட மொழி நம்முடையது. அம்மொழியில் வானத்து மீன்களுக்கு வகை உண்டு. இடம் மாறாது அன்றன்றைய நாளுக்குப் பெயர் தருவன நாண்மீன்கள். அவற்றினூடே ஊர்ந்து செல்வன கோண்மீன்கள். வடதிசையில் தோன்றும் ஏழு மீன்களின் கூட்டம் எழுமீன். அவ்வேழனுள் ஒன்றை ஒட்டி மெல்லென ஒளிரும் சிறுமீன், கற்புக்கு உவமையாகச் சங்கப் புலவர் போற்றிய வடமீன், பிற்காலத்தார் வாக்கில் அருந்ததி. கார்த்திகைக்கு அறுமீன் என்றும் ஆரல் என்றும் பெயர்.

இப்பெயர்களில் எண்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எழுமீன் என்றவர் ஏழை எண்ணியிருக்கிறார். அறுமீன் என்றவர் ஆறை எண்ணியிருக்கிறார். கருவி ஏதுமின்றி, வீட்டு முற்றத்தில் நின்று எண்ணிய எண்கள் இவை. இன்று சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ ஒரு மாடியில் ஏறி நின்று அவ்வெண்ணிக்கையைச் சரிபார்க்க முயல்பவர்க்கு ஆறு கிடைப்பதில்லை. மீன்கள் எங்கும் போய்விடவில்லை. நமக்கும் அவற்றிற்கும் இடையே நாமே ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒளி மாசு என இன்று வழங்கப்பெறும் அத்திரையின் வரலாற்றை, இலக்கியம் பயில்வோர் என்ற நிலையில் நின்று இக்கட்டுரையில் காண முயல்வோம்.

எண்ணத்தக்க விளக்குகள்

பண்டைத் தமிழர் இருளை விரும்பியவர், விளக்கை வெறுத்தவர் என்று எவரும் கருதிவிடலாகாது. சங்க இலக்கியத்தில் விளக்குகளுக்குக் குறைவில்லை. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் காட்டும் கார்த்திகை விழாவை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் நீங்கிய தெளிந்த வானம். நிறைமதி அறுமீனைச் சேரும் நடுநாள். பழம்பெருமை வாய்ந்த ஊரின் தெருக்களில் வரிசையாக விளக்குகள், தொங்கும் மாலைகள், கூடி மகிழும் மக்கள். அந்த விளக்குகள் ஏற்றப்பட்டதற்கு வானில் நிகழும் ஒரு சேர்க்கையே காரணம். மேலே அறுமீன், கீழே அதற்கென ஏற்றிய அகல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இரு பாட்டுகளும் இங்கே நினைக்கத்தக்கவை. பெரும்பாணாற்றுப்படையில், துறைமுகத்து உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் மூட்டிய தீ, கடலில் வரும் கலங்களை அழைக்கிறது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் பரதவர் வளைந்த படகுகளில் இருந்தவாறே, கரையிலுள்ள உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனர். சோழப் பேரரசன் கரிகாலனின் தலைநகரம் அது. பொன்னும் மணியும் மிளகும் புரவியும் வந்து குவிந்த நகரம். அத்தகைய நகரின் விளக்குகளையே கடலில் இருந்தவர் எண்ண முடிந்தது. வானத்து மீனையும் எண்ணலாம், கரையின் விளக்கையும் எண்ணலாம் என்றிருந்த காலம் அது. இன்று சென்னைக் கடலில் இரவில் படகு செலுத்தும் மீனவர் கரையைத் திரும்பிப் பார்த்தால் விளக்குகளை எண்ண இயலாது. மேலே நோக்கினால் எண்ணுவதற்கு மீன்கள் அதிகம் இரா.

இரு அடிவானங்கள்

வானம் மறைவதால் இலக்கியத்திற்கு என்ன இழப்பு என்று வினவுவோர்க்குப் புறநானூற்றின் 229ஆம் பாடலைச் சுட்ட விரும்புகிறோம். கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது அது. பங்குனித் திங்களின் ஓர் இரவு. வானிலிருந்து ஒரு மீன் தீப்பரக்க வீழ்கிறது. கண்ட புலவரும் பிறரும் அரசனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அரசன் இறந்துபடுகிறான். வீழ்மீனுக்கும் அரசன் சாவிற்கும் தொடர்புண்டு என்ற நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த இரவைப் புலவர் பதிவுசெய்த முறை வியப்புக்குரியது.

பாடலின் பழைய உரைகாரர் அவ்வானத்தை விளக்குகிறார். உச்சியில் நின்ற உத்தரம் சாய்கிறது. அதிலிருந்து எட்டாவதான மூலம் கீழ்வானில் எழுகிறது. மற்றொரு புறத்தே எட்டாவதான மிருகசீரிடம் மேல்வானில் தாழ்கிறது. ஒரே நோக்கில் உச்சியும் இரு அடிவானங்களும் புலவர்க்குத் தெரிந்திருக்கின்றன. நேரத்தைச் சொல்ல அவருக்கு நாழிகை வட்டில் தேவைப்படவில்லை, வானமே வட்டிலாயிற்று.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது நாம் கரும்பலகையில் ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் உச்சியில் உத்தரத்தையும் இரு முனைகளில் மூலத்தையும் மிருகசீரிடத்தையும் குறிப்பது வழக்கம். மாணவர் ஆர்வத்துடன் எழுதிக்கொள்வர். இவற்றை வானில் கண்டவர் யார் என்று கேட்டால், நகரத்தில் வளர்ந்தவர்களிடமிருந்து மறுமொழி வருவதில்லை. நெடுநல்வாடையில் தலைவி, தன் கட்டிலின் மேல்விதானத்தில் உரோகிணியும் திங்களும் சேர்ந்திருப்பதாகத் தீட்டிய ஓவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அவளுக்கு அரண்மனைக்கு வெளியே மெய்யான உரோகிணியும் இருந்தது. நம் மாணவர் பலருக்கு விதானத்து உரோகிணி மட்டுமே உண்டு. உரையை மனனம் செய்யலாம். உரை எதைச் சுட்டுகிறதோ அதைக் காண இயலாதவர்க்கு உரைகாரர் உண்மை சொன்னாரா என்று சரிபார்க்கும் உரிமை இல்லாமற் போகிறது. இதனையே பெரிய இழப்பாகக் கருதுகிறோம்.

திருமண மன்றங்களிலும் இதே நிலைதான். பட்டப்பகலில், மின்விசிறி சுழலும் கூரையை நோக்கி மணமக்களுக்கு அருந்ததி காட்டப்படுகிறது. இரவில் காட்டினாலும் பெருநகரில் பெரும்பாலும் தெரியப்போவதில்லை என்பதால் எவரும் குறை சொல்வதும் இல்லை.

நுங்கம்பாக்கத்து வானம்

அருந்ததி ஏன் தெரிவதில்லை என்பதற்கு விடை சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அதை வகுத்தவருக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவுண்டு. விண்மீன்களை ஒளிக்கேற்ப முதல் தரம் முதலாக ஆறாம் தரம் வரை பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். எண் கூடக்கூட ஒளி குறையும். அதற்குத் திட்டமான கணக்கை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனைவிட நூறு மடங்கு ஒளி மிக்கது என்பது அவர் வகுத்த விதி. அவரே 1861இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்து சேர்ந்தார். அவ்வாண்டே இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டறிந்து அதற்கு ஆசியா எனப் பெயரிட்டார்.

அவர் அளவுகோலின்படி அருந்ததி நான்காம் தரத்து மீன். அறுமீனில் மிக ஒளி வாய்ந்தது மூன்றாம் தரத்தை ஒட்டியது; ஆறாவது மீனின் தரம் நான்கைச் சற்றுத் தாண்டியது. இருண்ட சிற்றூரில் நல்ல பார்வை உடையவர் ஆறாம் தரம் வரை காணலாம். அவ்வாறு காணத்தக்கவை முழு வானிலும் ஏறத்தாழ 5000. அவற்றில் பாதி ஒரே நேரத்தில் அடிவானத்திற்கு மேலே நிற்கும். மூன்றாம் தரத்தோடு பார்வை நின்றுவிடும் நகரத்திலோ, முழு வானிலும் காணத்தக்கவை இருநூற்றுக்கும் குறைவு. அங்கே அறுமீன் ஒருமீனாகி, ஒரு மங்கல் திட்டாக எஞ்சுகிறது. வடமீன் இல்லை. மிருகசீரிடத்தின் சிறு முக்கோணமும் இல்லை. ஆக, அறுமீன் என்னும் சொல்லே ஒரு வானத்தின் தரத்தைக் குறித்து வைத்த ஆவணமாகிறது.

அந்தச் சென்னை வானாய்வகத்தின் கதை அறியப்பட வேண்டியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் வில்லியம் பெட்ரி 1786இல் தம் செலவில் எழும்பூரில் தொடங்கியது அது. பின்னர்க் கம்பெனி அதனை ஏற்க, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்து டெய்லர் என்பவர் பதினோராயிரம் விண்மீன்களின் இடங்களை அளந்து தொகுத்த அட்டவணை 1844இல் வெளிவந்தது.

நம்மவர் ஒருவரும் அங்கே அரும்பணி ஆற்றினார். போக்சனின் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடக்கும் நிகழ்ச்சி வரவிருந்தபோது, மக்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகளில் நூல் எழுதி வெளியிட்டவரும் அவரே. அவர் கண்ட விண்மீன் வானநடுக்கோட்டிற்குத் தெற்கே 63 பாகையில் இருப்பது. சென்னையோ வடக்கே 13 பாகையில் உள்ள ஊர். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நுங்கம்பாக்கத்திலிருந்து அந்த மீன் எட்டும் பெரும உயரம் தென்னடிவானத்திற்கு மேல் 14 பாகை மட்டுமே. அதாவது ரகுநாதாச்சாரியின் தொலைநோக்கி, இன்றைய தியாகராய நகருக்குச் சற்று மேலே தெரியும் வானத்தைக் கூர்ந்து பார்த்தது. அந்த வானம் பார்க்கத்தக்கதாக இருந்தது.

கூடலூர் கிழாரையும் ரகுநாதாச்சாரியையும் இணைப்பது அடிவானம். ஒளி மாசு முதலில் விழுங்குவதும் அடிவானத்தையே.

மலையேறிய கண்கள்

1899இல் சென்னையின் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. ஒளி மாசினால் நேர்ந்த இடமாற்றமன்று இது. கதிரவனை ஆராயத் தெளிந்த காற்றுள்ள உயரமான இடம் வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், கதிரவனின் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று அறியும் வேட்கை அரசுக்கு எழுந்திருந்தது. ஆயினும் அதற்குப்பின் இரவு வானைத் தேடியவர் எவரும் நகரத்திற்குத் திரும்பவில்லை.

1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்கென வேறிடம் தேடினார். அவர் தேர்ந்தது ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையின் காவலூர். ஏறத்தாழ 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1968இல் அங்குச் சிறிய தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. 1977இல் யுரேனசின் வளையங்கள் உலகறிய வந்தபோது, அந்நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கே திறந்து வைக்கப்பட்டது. அதைக் கனவு கண்ட பாப்பு அப்போது உயிருடன் இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். கருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988இல் காவலூரில் கண்டறியப்பட்ட குறுங்கோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த தாவல் மிக நெடியது. 2000ஆம் ஆண்டில் லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், இமாலயச் சந்திரா தொலைநோக்கி கண் திறந்தது. வறண்ட காற்று, மழைமேகக் குறைவு, மனித நடமாட்டமற்ற இருள் ஆகிய மூன்றும் அவ்விடத்தின் சிறப்பு. எழும்பூரில் வீட்டு வளாகத்தில் கிடைத்த இருளுக்காக, இரு நூற்றாண்டுகளில் இமயத்திற்கு அப்பால் செல்ல வேண்டியதாயிற்று. இலண்டனின் கிரீனிச் ஆய்வகமும், நகரின் புகையையும் ஒளியையும் தாங்காது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஊரகப் பகுதிக்குப் பெயர்ந்ததே.

திரை நெய்யப்பட்ட விதம்

1905இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. இந்திய நகரங்களுள் அதுவே முதல் என்பர். அதற்கு மின்சாரம் தந்தது சிவசமுத்திரத்தில் வீழும் காவிரி. காவிரியின் முகத்துவாரத்தில் பரதவர் விளக்கெண்ணியிருந்த செய்தியோடு இதனைச் சேர்த்துப் பார்க்கலாம்.

மின்விளக்கின் நன்மைகளை மறுப்பார் இலர். இரவில் பாடம் படித்த பிள்ளைகளும், அச்சமின்றித் தெருவில் நடந்த பெண்களும், மருத்துவமனைகளும் அதற்குச் சான்று. குறை விளக்கில் இல்லை. அது சிதறும் முறையில் உள்ளது. மூடியில்லாத விளக்கு தன் ஒளியில் ஒரு பகுதியை வானை நோக்கி வீசுகிறது. அவ்வொளி காற்றின் அணுக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறி மீள்கிறது. வானம் முழுதும் மெல்லிய வெண்மை படர்கிறது. அடிவானத்தை நோக்கும்போது நம் பார்வை அதிகமான காற்றைக் கடக்க நேர்வதால் அங்கே வெண்மை மிகுகிறது. நீல ஒளி மிகுதியாகச் சிதறும் என்பதால், பழைய செம்மஞ்சள் சோடிய விளக்குகளின் இடத்தில் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் வந்தபோது மின்செலவு குறைந்தது. வானத்தின் வெண்மை குறையவில்லை. இந்தியாவில் இம்மாற்றத்திற்கான தேசியத் திட்டம் 2015இல் தொடங்கியது.

2016இல் வெளிவந்த உலக வரைபடம் ஒன்று, மாந்தருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் ஒளி மாசுபட்ட வானின்கீழ் வாழ்வதாகவும், மூன்றில் ஒரு பங்கினர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர் என்றும் கணித்தது. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை தம் கண்ணால் கண்டு அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்தது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுதோறும் சராசரியாக 9.6 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. 250 மீன்கள் தெரியும் ஓரிடத்தில் பிறக்கும் குழந்தை, பதினெட்டு வயதை அடையும்போது அங்கே 100 மீன்களையே காணும் என்று ஆய்வாளர் விளக்கினர். பதினெட்டு என்பது கல்லூரியில் நுழையும் வயது. புறநானூற்றை விரித்துக்கொண்டு நம் முன் அமர்வோர் அவர்களே.

அழியாத ஏடு

ஆயினும் இவ்விழப்பு மற்ற இழப்புகளைப் போன்றதன்று. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோதும் சில பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள் சில சிதைந்திருந்தன. கறையான் அரித்த ஏட்டை மீட்க வழியில்லை. வானமோ அரிக்கப்படாத ஏடு. அதன்மேல் திரை மட்டுமே விழுந்துள்ளது. திரையை விலக்கினால் அந்த நொடியே எழுத்து தெரியும்.

வரலாற்றில் இதற்குச் சான்றுண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தாக்குதல் அச்சத்தால் விளக்குகள் அடக்கப்பட்டன. அந்நகரை அடுத்த மவுண்ட் வில்சன் மலையில் இருந்த வால்டர் பாடே, ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் போர்ப்பணிக்கு அழைக்கப்படாமல், தொலைநோக்கியோடு தனித்து விடப்பட்டார். வாய்த்த இருளைப் பயன்படுத்தி, ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி மீன்களாகப் பிரித்துக் கண்டார். விண்மீன்களில் இரு பெருங்குடிகள் உண்டு என்னும் முடிவை 1944இல் வெளியிட்டார். நகரம் விளக்கை அடக்கிய சில ஆண்டுகள் வானியலுக்கு ஒரு புதிய அதிகாரத்தைத் தந்தன.

இருள் கிடைக்கப் போர் வர வேண்டுவதில்லை. 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் விளக்கின்றி வாழவில்லை. விளக்குகளுக்கு மூடி இடுகின்றனர். சன்னல்களுக்குத் தடித்த திரை இடுகின்றனர். அவ்வூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, வரும் பயணியர்க்கு வானைக் காட்டுகின்றனர். ஒளியைத் தரைநோக்கித் திருப்புவது, வேண்டாத நேரத்தில் அணைப்பது, வெண்மைக்கு மாறாக மஞ்சள் சாயலுள்ள விளக்கைத் தேர்வது ஆகிய மூன்றையும் ஒரு கல்லூரி வளாகத்திலோ கோயில் வெளிவீதியிலோ ஊராட்சித் தெருவிலோ செய்ய முடியும்.

அன்பர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கார்த்திகைத் தீபத்தன்று முழுமதி அறுமீனை நெருங்கி நிற்பதால் அதன் ஒளியில் மீன்கள் மங்கும். ஒரு பத்து நாள் பொறுத்து, திங்கள் நள்ளிரவுக்குப் பின் எழும் நாளில், முன்னிரவில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். அறுமீனில் எத்தனை தெரிகின்றன என்று எண்ணி, இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். ஆறு தெரிந்தால், நக்கீரர் கண்ட வானின் ஒரு பகுதி உங்கள் ஊரில் இன்னும் உள்ளது; அதைக் காத்துக்கொள்ளுங்கள். குறைந்தால், எந்த விளக்கு குறுக்கே நிற்கிறது என்று சுற்றிலும் பாருங்கள். மீனுக்கென்று விளக்கேற்றத் தெரிந்தவர் வழிவந்த நமக்கு, அந்த மீனுக்காகச் சற்றே விளக்கைத் தாழ்த்துவது அரிய செயலாகாது.